இந்தக் குதிரை யாருடையது?



பைபாஸ் சாலையோரம் ஒரு வெள்ளைக் குதிரை தனியாகத் திரிந்ததை நம்மில் பலர் பார்த்திருப்போம். விலா எலும்புகளை எண்ணிவிடலாம் போல் இருந்தது. முன்னங்கால் ஒன்றை ஊன்ற முடியாமல் நின்றது. இது பற்றி அறக்கட்டளை அலுவலகத்துக்கு வந்தவர்கள் மூன்று விதமாகப் பேசினார்கள். "ஆளுக்குக் கொஞ்சம் போட்டு அதை வாங்கிவிடலாம்" என்றார்கள் சிலர். "ஜகாத் நிதியிலிருந்து தீவனம் வாங்கிப் போடுங்கள்" என்றார்கள் சிலர். "மனிதர்களுக்குச் செய்ய வேண்டியதே மலை போல் கிடக்கிறது, குதிரைக்கு எதற்கு?" என்று கேட்டவர்களும் உண்டு.

மூன்றும் நல்லெண்ணத்தில் எழுந்த பேச்சுதான். ஆனால் கைவிடப்பட்ட குதிரையைக் காப்பதில் நல்லெண்ணம் மட்டும் போதாது. அது சில நேரம் குதிரையைக் கொன்றும்விடும். எதைச் செய்ய வேண்டும், எதைச் செய்யக் கூடாது, எந்தப் பணத்தில் செய்ய வேண்டும் என்பதை ஒழுங்காகத் தெரிந்துகொள்வோம்.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி

நபி (ஸல்) அவர்கள் ஓர் அன்ஸாரித் தோழரின் தோட்டத்துக்குள் நுழைந்தபோது, அங்கிருந்த ஒட்டகம் அவர்களைக் கண்டு கண்ணீர் விட்ட செய்தியை நாம் பயான்களில் கேட்டிருக்கிறோம். அபூதாவூதில் பதிவாகியுள்ள ஹதீஸ் அது. நபியவர்கள் அந்த ஒட்டகத்தைத் தடவிக்கொடுத்து அமைதிப்படுத்தினார்கள். அடுத்து, இந்த ஒட்டகம் யாருடையது என்று விசாரித்தார்கள். உரிமையாளரான இளைஞர் வந்ததும், நீர் இதைப் பட்டினி போட்டு ஓயாமல் வேலை வாங்குவதாக இது முறையிடுகிறது என்ற கருத்தில் அவரைக் கண்டித்தார்கள்.

இந்த வரிசையைக் கவனியுங்கள். முதலில் பிராணிக்கு ஆறுதல். அடுத்து உரிமையாளரைத் தேடுதல். பிறகு அவரிடமே பேசுதல். அந்த ஒட்டகத்தை அவரிடமிருந்து விலைக்கு வாங்கியதாக அந்தச் செய்தியில் இல்லை. அதை வைத்திருந்தவரின் நடத்தை திருந்த வேண்டும் என்பதே நோக்கம்.

நம் வெள்ளைக் குதிரையின் விஷயத்திலும் அப்படித்தான் விசாரித்தோம். திருமண ஊர்வலங்களுக்குக் குதிரை விட்டுப் பிழைக்கும் ஒருவருடையது அது. குளம்புக்குள் சீழ் கட்டி நொண்டத் தொடங்கியிருக்கிறது. நொண்டும் குதிரையை யாரும் வாடகைக்கு எடுப்பதில்லை. வருமானம் நின்றது. தீவனத்துக்குக் காசில்லை. கடைசியில், எங்காவது மேய்ந்து பிழைக்கட்டும் என்று கயிற்றை அவிழ்த்து விட்டுவிட்டார். அவருக்கு நான்கு பிள்ளைகள். அவர் செய்தது தவறுதான், அதை மறுக்க முடியாது. ஆனால் அவர் கல்நெஞ்சக்காரர் அல்லர். கையில் காசும், குளம்பு பார்க்கத் தெரிந்த ஆளும் இருந்திருந்தால் அந்தக் குதிரை சாலைக்கு வந்திருக்காது.

குதிரைகள் கைவிடப்படுவது பெரும்பாலும் இப்படித்தான். 2020இல் ஊரடங்கு வந்தபோது சுற்றுலா இடங்களில் குதிரைச் சவாரி விட்டவர்களின் வருமானம் ஒரே நாளில் நின்றது. சவாரி இல்லாத நாளிலும் குதிரைக்குப் பசி உண்டு. ஊட்டி போன்ற மலையூர்களில் சீசன் முடிந்ததும் மட்டக்குதிரைகளைச் சாலையில் அவிழ்த்து விடுவதும், அவை வாகனங்களில் அடிபடுவதும், குப்பையைக் கிளறித் தின்பதும் பல ஆண்டுகளாகத் தீராத பிரச்சினை.

கெய்ரோ நகரம் கற்றுத்தந்த பாடம்

கைவிடப்பட்ட குதிரைகளை மீட்கும் பணியில் உலகம் முழுவதும் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படும் ஒரு வரலாறு எகிப்தின் தலைநகரில் நடந்தது.

முதல் உலகப் போரில் சினாய், பாலஸ்தீனம், சிரியா பகுதிகளில் பிரிட்டிஷ் பேரரசின் படைகள் குதிரைகளை நம்பியே போரிட்டன. அவற்றில் பெரும் பகுதி ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலில் வந்தவை. 1918இல் போர் முடிந்தது. குதிரைகளைத் திரும்ப ஏற்றிச்செல்லச் செலவு அதிகம். நோய் பரவும் என்ற அச்சமும் இருந்தது. போருக்காக வெளிநாடு அனுப்பப்பட்ட ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆஸ்திரேலியக் குதிரைகளில் தாய்நாடு திரும்பியது ஒன்றே ஒன்றுதான். 'ஸாண்டி' என்பது அதன் பெயர். மற்றவற்றில் சில வேறு படைகளுக்குப் போயின. சில சுட்டுக் கொல்லப்பட்டன. ஆயிரக்கணக்கானவை எகிப்தில் விற்கப்பட்டன. விற்றவர்கள் பணத்தை வாங்கிக்கொண்டு கப்பல் ஏறினார்கள். அந்தக் குதிரைகள் கல் குவாரிகளிலும் பார வண்டிகளிலும் உழைத்தன.

1930இல் டோரதி புரூக் என்ற ஆங்கிலேயப் பெண்மணி கெய்ரோவுக்கு வந்தார். கணவர் அங்கிருந்த குதிரைப் படையின் தளபதி. போர் முடிந்து 12 ஆண்டுகள் ஆகியும் அந்தக் குதிரைகள் இன்னும் வண்டி இழுக்கின்றன என்று கேள்விப்பட்டு அவர் தேடிப் போனார். பிரிட்டிஷ் படையின் அம்புக்குறிச் சூடு உடம்பில் இருந்ததால் எவை போர்க்குதிரைகள் என்று அடையாளம் தெரிந்தது. கிழடாகி, எலும்பும் தோலுமாக, சில பார்வை இழந்தும், சில நொண்டியும் இருந்தன.

1931இல் லண்டனின் 'மார்னிங் போஸ்ட்' பத்திரிகைக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். படித்தவர்கள் மனம் இளகிப் பணம் அனுப்பினார்கள். ஒரு குழு அமைத்து, சுமார் மூன்று ஆண்டுகளில் ஏறத்தாழ 5,000 குதிரைகளை விலை கொடுத்து மீட்டார். அவற்றில் பெரும்பாலானவை குணப்படுத்தும் நிலையைக் கடந்திருந்தன. சில நாள் நல்ல தீவனமும் ஓய்வும் கொடுத்து, பிறகு வலியில்லாமல் அவற்றின் உயிரைப் போக்கினார்கள். அவரால் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

இத்துடன் நின்றிருந்தால் இந்தக் கதையில் நமக்குப் பெரிய பாடம் இல்லை. குதிரைகளை விற்க வந்தவர்களைப் பார்த்தபோது இன்னொன்றும் அவருக்குப் புரிந்தது. அவர்களும் பரம ஏழைகள். அந்த ஒரு குதிரையின் உழைப்பில்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது. அதை வாங்கிவிட்டால், கிடைத்த பணத்தில் அவர் இன்னொரு குதிரை வாங்குவார். காயத்துக்கு மருந்து போட வசதியில்லாத நிலை அப்படியே இருக்கும். சில ஆண்டுகளில் அந்தக் குதிரையும் இதே கோலத்தில் வந்து நிற்கும்.

ஆகவே 1934இல் கெய்ரோவில் ஒரு கால்நடை மருத்துவமனையைத் தொடங்கினார். நகரில் உழைக்கும் குதிரைகளுக்கும் கழுதைகளுக்கும் அங்கே இலவச சிகிச்சை. போர்க்குதிரை, உள்ளூர்க் குதிரை என்ற பாகுபாடு இல்லை. சையிதா ஸைனப் பகுதியில் அந்த மருத்துவமனை இன்றும் அறியப்படுகிறது. டோரதி புரூக் 1955இல் கெய்ரோவிலேயே காலமானார். அவர் பெயரில் வளர்ந்த நிறுவனம் இன்று ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா எங்கும் பணிபுரிகிறது. நம் நாட்டின் செங்கல் சூளைகளில் பாரம் சுமக்கும் குதிரை, கோவேறு கழுதைகளும் அதன் பணிக்குள் வருகின்றன. ஏழை உரிமையாளருக்குப் பராமரிப்பைக் கற்றுக்கொடுத்தால் பிராணியும் பிழைக்கும், குடும்பமும் பிழைக்கும் என்பதே அதன் வழி.

வாங்கி மீட்பது ஒரு குதிரையைக் காக்கும். வைத்திருப்பவரைக் கைதூக்கிவிட்டால் இந்தக் குதிரையும் பிழைக்கும், அடுத்து வரும் குதிரையும் பிழைக்கும்.

பொன் இருந்தும் பிழைக்காத குதிரைகள்

பணம் மட்டும் போதாது என்பதற்கு நம் கடற்கரையிலேயே பழைய சான்று உண்டு. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் அரபு, பாரசீகத் துறைமுகங்களிலிருந்து காயல் துறைக்குக் குதிரைகள் கப்பல் கப்பலாக வந்தன. பாண்டிய மன்னர்கள் அவற்றைப் பொன் கொடுத்து வாங்கினார்கள். நம் முன்னோர்களில் பலர் அந்த வணிகத்தில் இருந்தவர்கள். அக்காலத்தில் இவ்வழியே சென்ற வெனிஸ் நகரப் பயணி மார்க்கோ போலோ, மன்னர் ஆண்டுக்கு 2,000க்கு மேல் குதிரைகள் வாங்கியும் ஆண்டு முடிவில் 100கூட மிஞ்சுவதில்லை என்று குறிப்பிடுகிறார். எண்ணிக்கையில் மிகை இருக்கலாம். ஆனால் அவர் சொல்லும் காரணங்கள் கவனிக்கத் தக்கவை: லாடம் அடிக்கத் தெரிந்தவர்கள் இல்லை, பராமரிக்கத் தெரிந்தவர்கள் இல்லை, இறைச்சியோடு சமைத்த சோற்றைத் தீனியாகப் போட்டார்கள்.

இன்று நாமும் குதிரையைக் கண்டால் மீந்த சோற்றைத்தான் முதலில் நினைக்கிறோம். ஆகவே அடுத்த பகுதியைக் கவனமாகப் படியுங்கள்.

பட்டினி கிடந்த குதிரைக்கு என்ன கொடுப்பது?

குதிரையின் உடல் மாட்டின் உடல் போன்றதன்று. மாட்டுக்கு நான்கு அறை கொண்ட இரைப்பை உண்டு. அது அசை போடும். குதிரைக்குச் சிறிய இரைப்பை ஒன்றுதான். தின்றது ஒத்துக்கொள்ளாவிட்டால் அதனால் வாந்தி எடுக்க முடியாது. நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகப் புல் மேய்வதற்கென்றே அல்லாஹ் அதைப் படைத்திருக்கிறான். ஒரேயடியாகச் சோறோ தானியமோ வயிற்றில் விழுந்தால் அது புளித்து, வாயு கட்டி, கடும் வயிற்றுவலி வரும். குதிரைகள் இறப்பதற்கு இது முக்கியமான காரணம். அதே கோளாறு குளம்புக்குள் அழற்சியை உண்டாக்கி நிரந்தரமாக நொண்டியாக்கவும் கூடும். மண்டபத்தில் மீந்த பிரியாணி, ரொட்டி, இட்லி மாவு, அழுகிய காய்கறி எதையும் குதிரைக்குப் போடாதீர்கள்.

பல நாள் பட்டினி கிடந்த குதிரைக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. உணவில்லாதபோது உடல் தன் கொழுப்பையும் தசையையும் கரைத்தே உயிர் வாழ்கிறது. இரத்தத்தில் பாஸ்பரஸ், மெக்னீசியம் போன்ற உப்புகளின் இருப்பு குறைந்துபோயிருக்கும். அந்த நிலையில் மாவுச்சத்துள்ள தீனியைக் கொடுத்தால் உடலில் இன்சுலின் திடீரென ஏறும். மிச்சமிருந்த உப்புகளும் இரத்தத்தை விட்டுத் திசுக்களுக்குள் போய்விடும். இதயமும் மூச்சும் தடுமாறும். நன்றாகத் தின்றதே, தேறிவிட்டது என்று நாம் மகிழ்ந்திருக்கும்போது சில நாளில் குதிரை செத்து விழும். "கொள்ளு போட்டோம், அப்படியும் செத்துவிட்டதே" என்பார்கள். உண்மையில் கொள்ளு போட்டதுதான் காரணமாக இருக்கும். உழைக்கும் குதிரைக்குக் கொள்ளு நல்ல தீனி. பட்டினியில் மெலிந்த குதிரைக்கு அது முதல் உணவு அன்று.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் இது குறித்து ஆய்வு செய்தார்கள். பட்டினிக் குதிரைக்கு முதல் நாட்களில் ஏற்றது குதிரை மசால் உலர்தீவனம் என்று கண்டார்கள். அதில் மாவுச்சத்து குறைவு. புரதமும் மேற்சொன்ன உப்புகளும் உண்டு. கொடுக்கும் முறை இது:

1. முதல் மூன்று நாள், நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை சுமார் அரை கிலோ. இரவிலும் எழுந்து கொடுக்க வேண்டும்.
2. அடுத்த சில நாட்களில் ஒரு வேளைக்குரிய அளவைக் கூட்டி, வேளைகளைக் குறைக்கலாம்.
3. பத்து நாள் தாண்டியபின் தேவைக்கேற்ற தீவனம். தானியம் கொடுப்பதை மருத்துவர் சொல்லும் வரை தள்ளிப்போடுங்கள்.
4. சுத்தமான தண்ணீர் எப்போதும் எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். நல்ல நிலையில் உள்ள குதிரை நாளொன்றுக்கு 25 முதல் 45 லிட்டர் வரை குடிக்கும். நீர் வற்றிக் கிடந்த குதிரைக்கு முதலில் சிறிது சிறிதாகக் கொடுங்கள்.

இவை பொதுவான வழிமுறைகள். குதிரையின் எடைக்கும் நிலைக்கும் ஏற்ப அளவைக் கால்நடை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். உடல் பழைய நிலைக்கு வரப் பல மாதம் ஆகும். ஆகவே ஒரு நாள் ஆர்வத்தில் தொடங்கி அடுத்த வாரம் கைவிடுவதைவிடத் தொடங்காமல் தகவல் கொடுப்பதே மேல்.

குளம்பும் நோயும்

குதிரையின் குளம்பு நம் நகம் போல வளர்ந்துகொண்டே இருக்கும். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை சீவி, லாடம் மாற்ற வேண்டும். இதை விட்டுவிட்டால் குளம்பு வளைந்து, பிளந்து, கால் முழுவதும் கெடும். முன்பு ஜட்கா வண்டிகள் ஓடிய காலத்தில் ஊருக்கு ஊர் லாடம் அடிப்பவர்கள் இருந்தார்கள். வண்டிகள் போயின, லாடக்காரர்களும் போய்விட்டார்கள். ஊர்வலத்துக்கு வரும் குதிரைகள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. நம் பகுதியின் உண்மையான குறை இதுதான்.

வீட்டுப் பிராணிகளில் ரண ஜன்னி எளிதில் தாக்கும் பிராணி குதிரை. ஒரு ஆணி குத்தினாலும் ஆபத்து. தடுப்பூசி உண்டு. குடற்புழு நீக்கமும் அவசியம்.

குழந்தைகள் உள்ள வீட்டார் கவனிக்க வேண்டியது ஒன்று. கிளாண்டர்ஸ் என்ற நோய் குதிரையிடமிருந்து மனிதருக்கும் தொற்றும். மூக்கிலிருந்து கெட்டியான சளி வடிவதும், தோலில் கட்டிகள் தோன்றிப் புண்ணாவதும் அதன் அறிகுறிகள். அதற்குத் தடுப்பூசி கிடையாது. அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டிய நோய் அது. நாய் கடித்த குதிரைக்கு வெறிநோயும் வரும். ஆகவே தெரியாத குதிரையின் வாயருகே கை நீட்டாதீர்கள். பிள்ளைகளை அருகில் விடாதீர்கள். மருத்துவர் பார்த்து இரத்தப் பரிசோதனை முடியும் வரை மற்ற குதிரைகளோடு சேர்த்துக் கட்டாதீர்கள். பின்பக்கமாகவும் போகாதீர்கள். வலியில் இருக்கும் குதிரை உதைக்கும்.

கண்டெடுத்தவருக்குச் சொந்தமாகுமா?

உரிமையாளர் தீவனம் போட முடியாமல் விட்டுவிட்ட பிராணியை வேறொருவர் எடுத்துப் பிழைக்க வைத்தால் அது அவருக்கே உரியது என்ற கருத்தில் ஷஅபீ (ரஹ்) அவர்கள் வழியாக அபூதாவூதில் ஓர் அறிவிப்பு உள்ளது. இமாம் அஹ்மத் (ரஹ்) அவர்கள் அதன்படி கருத்துக் கொண்டார்கள். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களோ, உரிமை பழைய உரிமையாளருக்கே தொடரும், பிழைக்க வைத்தவர் நன்மை செய்தவராவார் என்றார்கள். இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள், உரிமையாளர் திரும்பப் பெறலாம், ஆனால் ஆன செலவைக் கொடுத்துவிட வேண்டும் என்றார்கள். கருத்து வேறுபாடு இருப்பதாலும், நாட்டின் சட்டம் வேறாக இருப்பதாலும், சாலையில் நிற்கும் குதிரையை யாரும் தாமாகப் பிடித்துக்கொண்டு போய் வீட்டில் கட்டிவிடக் கூடாது. திருட்டுப் புகாரிலும் போய் முடியலாம்.

1960ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம் 11ஆம் பிரிவு, பசியாலோ தாகத்தாலோ துன்புறும்படி ஒரு பிராணியைக் கைவிடுவதையும், போதிய தீவனமும் தண்ணீரும் இருப்பிடமும் தராததையும் குற்றம் என்கிறது. முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரைதான். தண்டனைக்குப் பயந்து யாரும் திருந்தப் போவதில்லை. ஆனால் புகார் பதிவானால்தான் பிராணியைச் சட்டப்படி பராமரிப்பிடத்துக்குக் கொண்டுபோக வழி பிறக்கும்.

குணமாகவே வாய்ப்பில்லாமல் கடும் வேதனையில் கிடக்கும் குதிரையின் உயிரைப் போக்கலாமா என்ற கேள்வியும் வருகிறது. சட்டத்தில் அதற்கு முறை உண்டு. மார்க்கத்தில் ஆலிம்களிடம் கேட்டே தீர்மானிக்க வேண்டும். ஒரு மருத்துவரின் முடிவும் ஓர் ஆலிமின் விளக்கமும் இல்லாமல் நாமாக எதுவும் செய்யக் கூடாது.

எந்த நிதியிலிருந்து செலவழிப்பது?

ஜகாத்துக்கு உரியவர்கள் எட்டு வகையினர் என்று அல்லாஹ் சூரா தவ்பாவில் வரையறுத்துவிட்டான். அதில் பிராணிகள் இல்லை. ஆகவே ஜகாத் கணக்கிலிருந்து குதிரைத் தீவனத்துக்கு ஒரு ரூபாயும் எடுக்க முடியாது. ஆனால் குதிரை வைத்துப் பிழைப்பவர் ஏழையாக இருந்து, மற்ற நிபந்தனைகளும் பொருந்தினால், அவர் ஒரு மனிதர் என்ற முறையில் ஜகாத் பெறலாம். பெற்றதை அவர் தம் தேவைக்குச் செலவிடுவார்.

ஸதகா அப்படியன்று. உயிருள்ள எதற்கு உதவினாலும் நற்கூலி உண்டு என்பது தாகித்த நாய்க்குத் தண்ணீர் புகட்டியவரைப் பற்றிய ஹதீஸின் சாரம். பிராணிகளுக்கென்று வக்ஃபு செய்வதும் நம் வரலாற்றில் இருந்திருக்கிறது. திமிஷ்க் நகரில், உழைக்க முடியாமல் போனதால் உரிமையாளர்கள் கைவிட்ட குதிரைகள் சாகும் வரை மேய்வதற்காகவே ஒரு பசும்புல்வெளி வக்ஃபு செய்யப்பட்டிருந்ததை சிரியா நாட்டு அறிஞர் முஸ்தஃபா அஸ்ஸிபாஈ (ரஹ்) எழுதியிருக்கிறார்.

அறக்கட்டளையின் ஸதகா உண்டியலில் வருபவை பெரும்பாலும் கல்வி, மருத்துவம் என்று சொல்லித் தரப்படுபவை. அவற்றைத் தந்தவர் சொன்ன காரியத்துக்கே செலவிட வேண்டும். ஆகவே இப்பணிக்குக் கொடுக்க விரும்புபவர்கள், "குதிரைப் பராமரிப்புக்கு" என்று சொல்லிக் கொடுங்கள். தனிக் கணக்கில் வைப்போம். ஏழைப் பிள்ளையின் கட்டணத்திலிருந்து குதிரைக்குப் போகிறதோ என்ற சந்தேகம் யாருக்கும் வேண்டாம்.

மனிதர்கள் இருக்கக் குதிரைக்கு எதற்கு என்று கேட்டவர்களுக்கும் இதுவே பதில். அந்த வெள்ளைக் குதிரையின் குளம்பு ஆறினால் நான்கு பிள்ளைகள் உள்ள ஒரு வீட்டுக்கு மீண்டும் வருமானம் வரும். குதிரைக்குச் செய்வதும் அந்தக் குடும்பத்துக்குச் செய்வதும் இங்கே வெவ்வேறல்ல.

நம் குடும்பங்கள் செய்யக் கூடியவை

கண்டால் தகவல் கொடுங்கள். மெலிந்தோ நொண்டியோ திரியும் குதிரையைக் கண்டால் இடம், நேரம், நிறம், காயம் இருக்கும் பகுதி ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். தொலைவிலிருந்து ஒரு படம் எடுங்கள். அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்துக்கோ 1962 என்ற கால்நடை அவசர ஊர்தி எண்ணுக்கோ சொல்லுங்கள். பெரிய சிகிச்சை தேவைப்பட்டால் சென்னை வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அறக்கட்டளை அலுவலகத்துக்கும் தெரிவியுங்கள். உரிமையாளரைத் தேடுவதில் நாங்கள் உதவுவோம்.

வாடகைக்கு எடுக்கும் முன் பாருங்கள். திருமணத்துக்குக் குதிரை தேவையா என்பதே முதல் கேள்வி. ஊர்வலத்துக்குச் செலவிடும் பணத்துக்கு வேறு நல்ல வழிகள் உண்டு. எடுப்பதாக இருந்தால், முதல் நாள் பகலில் குதிரையைப் பாருங்கள். விலாவில் கை வைத்தால் எலும்பு மேடு மேடாகத் தட்டுப்படுகிறதா, சேணத்துக்கு அடியில் புண் இருக்கிறதா, நடக்கும்போது தலையை ஏற்றி இறக்குகிறதா என்று கவனியுங்கள். ஏதாவது ஒன்று இருந்தால் எடுக்காதீர்கள். ஏன் எடுக்கவில்லை என்பதையும் அவரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். குதிரையருகே வெடி வைக்காதீர்கள். ஊர்வலம் ஓரிடத்தில் மணிக்கணக்கில் நின்றால் மாப்பிள்ளையை இறங்கச் சொல்லுங்கள். பிராணிகளின் முதுகை மேடையாக்கிக்கொள்ள வேண்டாம் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள்.

வண்டிக் குதிரைகளுக்கும் நேரக் கணக்கு உண்டு. வண்டி இழுக்கும், பாரம் சுமக்கும் பிராணிகள் பற்றிய 1965ஆம் ஆண்டு விதிகளின்படி ஒரு நாளில் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. ஓய்வில்லாமல் தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது. வெப்பம் 37 டிகிரி செல்சியஸைத் தாண்டும் இடங்களில் பகல் 12 மணி முதல் 3 மணி வரை கூடாது. சரக்கு ஏற்றும் வியாபாரிகள் இதை மனத்தில் கொள்ளுங்கள்.

குதிரை வைத்திருப்பவர்களுக்கு. கையில் காசில்லாமல் போனால் அவிழ்த்து விடாதீர்கள். முதலில் எங்களிடம் வாருங்கள். குறை சொல்ல மாட்டோம். விற்பதாக இருந்தால் விலை கூடத் தருபவரைவிட வைத்துக் காப்பாற்றக் கூடியவரிடம் விற்றுவிடுங்கள். குதிரை 25, 30 ஆண்டுகள் வரை வாழும் பிராணி. அதற்கு உழைக்க முடியாத காலமும் வரும் என்பதை வாங்கும்போதே எண்ணிப் பாருங்கள்.

பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். நபி (ஸல்) அவர்கள் தம் மேலாடையால் தம் குதிரையின் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். ஏன் என்று கேட்டபோது, குதிரைகளின் விஷயத்தில் தாம் இரவில் கண்டிக்கப்பட்டதாகச் சொன்னார்கள் என்று இமாம் மாலிக் அவர்களின் முவத்தாவில் வருகிறது. மக்தப் வகுப்பில் உஸ்தாதுமார்கள் இச்செய்தியை எடுத்துச் சொல்லலாம். தெருவில் நிற்கும் பிராணி மீது கல்லெறியும் கை அப்போதே தாழும்.

அறிவிப்பு

நம் பகுதியில் குதிரை, மட்டக்குதிரை, கழுதை வைத்திருப்பவர்கள் எந்தச் சமுதாயத்தைச் சேர்ந்தவராயினும், அறக்கட்டளை அலுவலகத்தில் அஸருக்குப் பிறகு வந்து பெயர் கொடுக்கவும். பெயர்கள் சேர்ந்ததும் கால்நடை மருத்துவரையும் லாடம் அடிப்பவரையும் வரவழைத்து, குளம்பு பார்த்தல், குடற்புழு நீக்கம், ரண ஜன்னித் தடுப்பூசி மூன்றையும் ஒரே நாளில் இலவசமாகச் செய்ய நிர்வாகக் குழு எண்ணியுள்ளது. லாடம் அடிக்கும் தொழிலைக் கற்றுக்கொள்ள விரும்பும் இளைஞர் யாரும் இருந்தால் அவர்களும் பெயர் தரலாம். பயிற்சிக்கு வேண்டிய ஏற்பாடு குறித்துப் பேசுவோம், இன்ஷா அல்லாஹ்.

வாய் பேசாத உயிர்களின் விஷயத்தில் நம்மிடம் கேட்கப்படும் நாளில் பதில் சொல்லும் நிலையை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.

செயலாளர்